எட்டாய் மடித்த சீட்டு

முதலாவது அநியாயம், 1963. எட்டாம் வகுப்பு. சாரணர் படையில் பியூகிள் ஊதியவன் நான். ஆண்டுவிழாவில் பரிசுக்கு மேடையில் வாசிக்கப்பட்ட பெயர் தலைமையாசிரியரின் அக்காள் மகனுடையது. அவனுக்கு பியூகிளைத் துடைக்க மட்டும்தான் தெரியும். இரண்டாவது, 1971. மில்லில் போனஸ் போராட்ட நோட்டீஸை எழுதியவன் நான், சாப்பாட்டு இடைவேளையில், நூல் கோனின் மேல்தாளைப் பிரித்து அதன் பின்பக்கத்தில். வெற்றிக் கூட்டத்தில் 'நான் எழுதிய நோட்டீஸ்' என்று மைக்கைப் பிடித்துச் சொன்னவர் மாவட்டத் தலைவர். மூன்றாவது, 1978. சங்கத் தேர்தல். தேர்தல் அதிகாரி சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்தார். என் சீட்டு எனக்குத் தெரியாதா? என் மடிப்பு, என் எழுத்து, நாலடி தூரம். அதைக் கையில் வைத்துக்கொண்டே வேறொருவன் பெயரை வாசித்தார். வாசிக்கும்போது அவருடைய தொண்டைமுடிச்சு ஒருமுறை ஏறி இறங்கியது. நான்காவது, 1984. கதவடைப்பு முடிந்து, திரும்பவும் வேலைக்கு எடுக்கப்படுவோர் பட்டியலை மில் கேட்டில் வாசித்தார்கள். 'டோக்கன் 411, சுப்பையன். டோக்கன் 413, ராக்கியப்பன்.' 412 நான். ஐந்தாவது, 2003. சங்கத்தின் பொன்விழா மலர். மே தின ஊர்வலப் படத்தில் முன்வரிசையில் கன்னம் உப்ப ட்ரம்பெட் ஊதிக்கொண்டு போகிறவன் நான். கீழே 'இடமிருந்து வலம்' என்று வரிசையாக எல்லார் பெயரும் போட்டு, என்னிடம் வந்ததும் 'மற்றும் பலர்'. ஒற்றை ஆள், நான், பலர். ஆறாவது இன்னும் நடக்கவில்லை. இந்தப் போத்தனூர் சர்ச் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றே முக்கால் மணிக்கு மேல், இன்னும் பத்து நிமிடத்துக்குள் நடக்கும்.

நடக்கட்டும், நான் தயார், மடியில் ட்ரம்பெட், கையில் பென்சில், முழங்கால்மேல் ஒரு துண்டுச் சீட்டு. லில்லி டீச்சர் பழைய ஆராதனை அட்டவணையைக் கிழித்து எங்கள் வாத்தியக் குழுவின் ஐந்து பேருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்திருக்கிறார். என் துண்டின் பின்பக்கம் 'காணிக்கை, பாட்டு எண் 88' என்று இருக்கிறது. கடவுள் இல்லை என்று ஐம்பது வருடம் சுவரில் எழுதியவனுக்கு ஓட்டுப் போடக் காகிதம் சர்ச்சிலிருந்து வருகிறது. சரி, காகிதம் எங்கிருந்து வந்தால் என்ன, கோன் தாளும் முதலாளியிடமிருந்து வந்ததுதானே. ஐந்து நிமிடம் யோசிக்க, ஐந்து நிமிடம் எண்ண. விதி 14. விதியை எழுதியவன் நான். 'குழுவில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவோ நீக்கவோ வேண்டி வந்தால் இரகசியச் சீட்டு முறையே பின்பற்றப்படும். குழுவைச் சாராத இரு சாட்சிகளின் முன்னிலையில் செயலாளர் ஒவ்வொரு சீட்டையும் உரக்க வாசிப்பார்.' செயலாளரும் நான். சாட்சி ஒன்று, சர்ச்சுக்கு மணியடிக்கும் கோவில்பிள்ளை. சாட்சி இரண்டு, ஹால் சமையலறையில் கேஸ் அடுப்பைச் சரிசெய்ய வந்த முபாரக். பாவம், பர்னரைக் கழற்றிக்கொண்டிருந்தவரை வலுக்கட்டாயமாக இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டோம். கையில் ஸ்பானரோடுதான் உட்கார்ந்திருக்கிறார். கேஸ் வாடை கொஞ்சம் வருகிறது. 'பத்தே நிமிசந்தானுங்களா?' என்று கேட்டார். 'ஜனநாயகத்துக்குப் பத்து நிமிடம் அதிகமா, தோழர்?' என்றேன். 'அதுக்கில்லீங்க, வால்வைக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கேன்,' என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், மேல்வரிசைப் பல்செட் லேசாக ஆடுகிறது, சிரித்தால் நகரும், நகர்ந்தால் மதியம் ஒத்திகையில் மேல் சுரம் வராது. எழுபத்து மூன்று வயதில் ஒரு மனிதன் சிரிப்பதா ஊதுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பெயர், எல்லாம் பெயரால் வந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்று மதியம் ஒரு மணிக்குள் போஸ்டருக்குப் பெயர் வேண்டுமாம். இரண்டரை வருடமாக எங்களுக்குப் பெயர் கிடையாது. ஒரு இடத்தில் 'போத்தனூர் நண்பர்கள்' என்று போட்டார்கள், இன்னொரு இடத்தில் 'பஜனைக் குழு' என்று போட்டுவிட்டு, நாங்கள் வாசிக்கத் தொடங்கியதும் நாலு மாமிகள் எழுந்து போனார்கள். டெரிக்தான் சொன்னான், ஜாஸில் அப்படித்தான், ஒரு ஆளின் பெயர், பின்னால் எண்ணிக்கை. 'ஆளு பேரு, அப்புறம் ஐவர். அவ்வளவுதான் மேன். எவன் பேரு? அதை நீங்களே சொல்லுங்க.' சொல்லிவிட்டு சாக்ஸபோனின் கழுத்தைத் தடவிக்கொண்டான். எதற்காகத் தடவினான்? தன் பெயர் வரும் என்றுதான். டெரிக் டிகுரூஸ் ஐவர். வாய் நிறையத்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற கூட்ஸ் வண்டி கார்டு, அவன் அப்பன் காலத்திலிருந்தே வீட்டில் ஜாஸ் இசைத்தட்டு சுழன்றவன். நியாயமாகப் பார்த்தால், ஆனால் நியாயமாகப் பார்க்க எனக்கு இந்த ஐந்து நிமிடம் போதாது. 'கையைத் தூக்கி முடிச்சிரலாமுங்க,' என்றான் டபுள் பேஸ் வாசிக்கிற சென்னியப்பன். 'கூடாது, விதி 14,' என்றேன். கை தூக்கினால் முகத்துக்காகத் தூக்குவார்கள். முகத்துக்காக எனக்கு எதுவும் வேண்டாம். இப்படி நானே போட்ட பொறியில் நானே வந்து குந்தியிருக்கிறேன்.

டெரிக்கை முதலில் பார்த்தது ஒரு சாவில். ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவரின் அடக்கம். கூலிக்கு வாசிக்கிற பேண்டு செட்டில் ட்ரம்பெட் நான். ஒரே ஒரு கீதம், மூன்று தடவை, மண் போட்டதும் கிளம்ப வேண்டியது. பெட்டியை இறக்கும்போது கறுப்புக் கோட்டும் கார்டு தொப்பியுமாக ஒரு கிழவன் கூட்டத்தை விட்டு முன்னே வந்து சாக்ஸபோனை எடுத்து அதே கீதத்தை வாசித்தான், அதே அல்ல, அந்தக் கீதம் குளித்து முடித்துத் தலைதுவட்டாமல் வீதிக்கு வந்தமாதிரி. ஒரு சுரத்தில் நேராக நிற்காமல் அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் சறுக்கிக்கொண்டு நிற்கிறான். என் உதடு தானாக ட்ரம்பெட்டுக்குப் போய்விட்டது. அவன் ஒரு வரி கேட்டான், நான் ஒரு வரி சொன்னேன், அவன் மறுத்தான், நான் விடவில்லை, பேண்டு மேஸ்திரி என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், குழிக்கு அந்தப் பக்கம் விதவை அழுகையை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டுகிறார். முடிந்ததும் டெரிக் குழியைச் சுற்றிக்கொண்டு வந்து, 'எங்கே மேன் இருந்தே இத்தனை நாளா?' என்றான். 'மில் கேட்டுக்கு வெளியே,' என்றேன். அன்று மேஸ்திரி என்னை நீக்கினார். அதை நான் அநியாயப் பட்டியலில் சேர்க்கவில்லை.

அந்தச் சங்கீதத்துக்கு ஜாஸ் என்று பெயர் என்பதும் அதன் சரித்திரமும் எனக்கு ஏற்கெனவே தெரியும், கேட்டதுதான் இல்லை. முன்பொரு சங்க மாநாட்டுப் பந்தலில் ஒரே கடையில் ஒரே கயிற்றில் இரண்டு சிறு வெளியீடுகள் தொங்கின. ஒன்று, ஜாஸ் என்பது ஏகாதிபத்தியம் இளைஞர்களுக்கு ஊட்டும் போதை என்றது. இன்னொன்று, ஜாஸ் என்பது அடிமைச் சங்கிலி பூட்டப்பட்ட மக்களின் முழக்கம் என்றது. இரண்டையும் வாங்கி இரண்டையும் அடிக்கோடிட்டுப் படித்து, சங்க வகுப்பில் இரண்டு கருத்தையும் வெவ்வேறு வாரம் எடுத்துச் சொன்னேன். அரை நூற்றாண்டு கழித்து ஒரு கல்லறையில் விடை கிடைத்தது. இரண்டு ஆசிரியர்களும் கேட்காமல்தான் எழுதியிருக்கிறார்கள். போதைதான், முழக்கம்தான், இரண்டோடும் கூட அது சிரிக்கவும் செய்கிறது, அதை எந்த வெளியீட்டிலும் போடவில்லை.

'எழுதிட்டீங்களா பிரதர்?' லில்லி டீச்சர். எழுதிவிட்டார், இரண்டாக மடித்து டெரிக்கின் கார்டு தொப்பிக்குள் போட்டுவிட்டார், தொப்பிதான் எங்கள் வாக்குப்பெட்டி. என்னை பிரதர் என்பார், சர்ச்சில் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி. முதலில் உறுத்தியது, பிறகு யோசித்தேன், தோழர் என்பதற்குப் பக்கத்து வீடுதானே. நாற்பது வருடம் ஆராதனைக்கு ஆர்கன் வாசித்தவர். இந்த ஹால் பியானோ அவர் கொண்டுவந்த பங்கு. வந்த புதிதில் அதில் மூன்று கட்டைகள் பேசாது. பேசாத கட்டைக்கு வரும்போதெல்லாம் நான் ஊதி அடைக்க வேண்டும் என்று ஏற்பாடு, அதனால்தான் எங்கள் உருப்படிகள் மற்றவர்களுடையவை மாதிரி இல்லை என்று டெரிக் பெருமையடிப்பான். பிறகு சென்னியப்பன் தன் லேத்தில் கம்பி கடைந்து இரண்டைப் பேச வைத்தான். மூன்றாவதைத் தொட வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன், அது எனக்கு ஒதுக்கப்பட்ட இடம். லில்லி யாருக்குப் போட்டிருப்பார்? டெரிக்குக்கு. இருவரும் ஒரே சபை. இல்லை, அவர் தனக்கே போட்டுக்கொண்டால் தப்பா? பெண் பெயரில் ஒரு குழு, முற்போக்கானது, நானே முன்மொழிந்திருக்க வேண்டும். ஏன் முன்மொழியவில்லை? பென்சில் முனையைக் கடிக்கிறேன். மரவாசனை, எட்டாம் வகுப்பு வாசனை.

சென்னியப்பன் எழுதுகிறான், முழங்கையால் மறைத்துக்கொண்டு, கொட்டேஷன் எழுதுகிறவன் போல. பம்பு செட் பட்டறை, பதினோரு தொழிலாளர்கள். முதல் நாள் அவன் டபுள் பேஸை, அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, மனுசன் உயரத்துக்கு இருக்கிறதே, வீட்டில் எந்தக் கதவில் நுழைகிறது என்று நான் வாத்தியத்தைத்தான் பார்த்தேன். முதலாளி என்று தெரிந்ததும் கூட்டத்தை ஒத்திவைக்கச் சொன்னேன். 'உங்கள் பட்டறையில் சங்கம் உண்டா?' என்றேன். 'இல்லீங்க, வேணும்னா நீங்களே வந்து ஆரம்பிச்சுக் குடுங்க, அதுக்காக என்னை வாசிக்க வேண்டாம்னு சொல்லீராதீங்க,' என்றான். போனேன். ஆரம்பித்தேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். இப்போது மாதம் ஒரு தடவை சனிக்கிழமை அவனோடு கோரிக்கைப் பேச்சுவார்த்தை, ஞாயிற்றுக்கிழமை அவனோடு வாசிப்பு. சனிக்கிழமை இழுக்கிற ஆள், ஞாயிற்றுக்கிழமை தாளத்தை ஒரு மயிரிழை இழுக்க மாட்டான். 'செயலாளர் ஐயா,' என்கிறான் இப்போது, 'கூட்டணி ஏதாச்சும் வெச்சுக்கலாமுங்களா?' 'பிரசாரம் நேற்று மாலையோடு ஓய்ந்தது, முதலாளி.' 'நேத்து நீங்க எம்பட பட்டறை வாசல்ல கோசமில்ல போட்டுட்டு இருந்தீங்க!' 'பந்தோபஸ்து இங்க நாந்தானுங்க, பேச்சைக் குறைச்சுக்குங்க,' என்கிறான் பொன்னுரங்கம், 'லத்தியில்லாம எலெக்சன் டூட்டி பாக்கறது இதுதான் மொதத் தடவை.' குச்சியால் முரசு விளிம்பில் டக் டக் என்று தட்டுகிறான்.

பொன்னுரங்கம், போலீஸ் பேண்டில் முப்பத்தைந்து வருடம் டிரம், ஏட்டாக ஓய்வு. அவனை டெரிக் கூட்டிக்கொண்டு வந்த அன்று என் இடது தோள்பட்டை தானாக வலித்தது, 1984இல் மில் கேட்டில் விழுந்த லத்தி அடி அங்கேதான் குடியிருக்கிறது. 'அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள், ஏட்டு?' 'மந்திரி வரவேற்புக்கு ரயில்வே ஸ்டேசன்ல டிரம் அடிச்சுட்டிருந்தனுங்கண்ணா.' 'ஆதாரம்?' அடுத்த வாரம் போட்டோவே கொண்டுவந்துவிட்டான், பின்னால் தேதி முத்திரையோடு, இருபத்திரண்டு வயதில் பெரிய தொப்பிக்குள் ஒரு சின்ன முகம், கழுத்தில் டிரம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஏற்றுக்கொண்டேன். அவனும் ஒன்று கேட்டான், 'அன்னைக்கு நீங்க ஊர்வலத்துல ஊதுனீங்களாமே, என்ன தாளம்?' வாசித்துக் காட்டினேன். அடித்தான். நாற்பது வருடத்துக்கு அப்புறம் அந்த ஊர்வலத்துக்குத் தாளம் கிடைத்தது, போலீஸ்காரன் கையால். அவன் எனக்கா போடுவான்? போலீஸ் எப்போது எனக்குப் போட்டது, அடியைத் தவிர.

ஐந்து பேர் ஆனதும் நான் சும்மா இருப்பேனா, இருபத்து மூன்று விதிகள் எழுதினேன். விதி 2, பாட்டுக் கூடாது, சொல் கூடாது, வாத்தியம் மட்டும். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள், கலை நோக்கம் என்று பூசி மெழுகினேன். உண்மை வேறு. சொல்லை ஐம்பது வருடம் எழுதினேன், என் சொல்லையெல்லாம் எவனெவனோ தன் வாயில் போட்டுக்கொண்டு போனான். ஊதிய மூச்சை எவனும் தன் பெயரில் அச்சடிக்க முடியாது. விதி 7, தனியாக வாசிக்கிறவருக்கு ஆளுக்கு இரண்டு சுற்று, கூடவும் கூடாது குறையவும் கூடாது, முடிந்ததும் செயலாளர் சைக்கிள் மணி அடிப்பார். அடித்தேன். ஆறு மாதம் அடித்தேன். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுக் கொடுக்கிற வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாசித்துவிட்டு உட்கார்ந்தார்கள். 'இது சங்கீதமா பிரதர், ரேஷன் கடையா?' என்றார் லில்லி. சமத்துவம் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஒருநாள் டெரிக் வாசித்தான், இரண்டாவது சுற்று முடிகிற இடத்தில் சென்னியப்பனின் பேஸ் புதிதாக எதையோ சொல்ல, டெரிக் அதைத் திரும்பிப் பார்த்து, கேட்டு, பதில் சொல்லப் போனான், மூன்று சுற்று, நாலு சுற்று, லில்லி சிரித்துக்கொண்டே கைமாற்றினார், ஏட்டு ஒரு அடியைக் கொடுக்காமல் வைத்திருந்து கடைசியில் கொடுத்தான். மணி என் கையில் இருக்கிறது. என் கட்டை விரல் அதன்மேல் இருக்கிறது. நான் அழுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் யாராவது பேசும்போது நான் அடுத்து என்ன பேசுவது என்று யோசிப்பவன், ஐம்பது வருடத்தில் ஒரு ஆளைக் கடைசிவரை கேட்டது அன்றுதான். விதி 7 அன்றிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. நீக்கப்படவில்லை. நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

'ரெண்டு நிமிசம்,' என்கிறான் ஏட்டு. டெரிக் போட்டுவிட்டான், சென்னியப்பன் போட்டுவிட்டான், ஏட்டும் போட்டுவிட்டான், எல்லாரும் இரண்டாக மடித்து. நான்தான் பாக்கி. டெரிக்குக்கு எழுது, அவன்தான் ஆசான். எழுதலாம். லில்லிக்கு எழுது. எழுதலாம். எழுதினால் தொப்பியில் எனக்கு ஒரு சீட்டும் இருக்காது. நான்கும் டெரிக், ஒன்றும் டெரிக், அல்லது மூன்று டெரிக் இரண்டு லில்லி, அதை நானே உரக்க வாசிக்க வேண்டும், அடுப்பு ரிப்பேர்காரர் முன்னால். 412ஐத் தாண்டி 413க்குப் போவது போல. தோற்கலாம், தோற்றுத்தானே பழக்கம், ஆனால் பெயர் ஒருமுறை வாசிக்கப்பட்டுத் தோற்க வேண்டும். ஒரே ஒரு சீட்டு. ஒரே ஒரு தடவை. யாருக்கும் கெடுதல் இல்லை, யார் போட்டது என்று யாருக்குத் தெரியும், இரகசியச் சீட்டு. எழுதினேன். பென்சிலை அழுத்தி, சுவரெழுத்தில் எழுதுகிற மாதிரி. மடித்தேன். கை தன்பாட்டுக்கு மடித்தது. தொப்பிக்குள் போட்டேன். போட்டபின்தான் பார்த்தேன். எட்டாக மடித்திருக்கிறேன். நோட்டீஸை கோனின் துளைக்குள் திணித்து மில்லுக்குள் கடத்துகிற அளவுக்கு, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. மற்ற நான்கும் இரண்டாக மடித்தவை, அகலமாக, வெள்ளையாக, எருமைகளுக்கு நடுவே கொக்குபோல என்று சொல்ல முடியாது, கொக்குகளுக்கு நடுவே என் எருமைக்கன்று. அது மெல்ல உருண்டு தொப்பியின் அடிக்குப் போயிற்று. 'விதி 14, எண்ணிக்கை,' என்றேன்.

முதல் சீட்டு. ஆரம்பப் பள்ளிக் கரும்பலகையில் எழுதுகிற உருண்டை எழுத்து, லில்லி. மாகாளி. என் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். 'சத்தமா வாசிங்க பிரதர், சாட்சிக்குக் கேக்கல.' 'மாகாளி,' என்று வாசித்தேன். இரண்டாவது சீட்டு. 'திரு. மாகாளி அவர்கள்', அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு, முதலாளி புத்தி, வாசித்தேன். மூன்றாவது, 'மேற்படி செயலாளர் மாகாளி', காவல் நிலைய நடை, வாசித்தேன், கோவில்பிள்ளை ஆமென் என்றார். நான்காவது ஆங்கிலப் பெரிய எழுத்தில், ரயில் பெட்டியின் பக்கத்தில் சாக்கட்டியால் எழுதுகிற மாதிரி. டெரிக்குக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். அவன் என்னைப் பார்க்கவில்லை, சாக்ஸபோனின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். சும்மா தடவுகிற பழக்கம் அது, இரண்டரை வருடமாகத் தடவுகிறான், எனக்கு இன்றுதான் அது சதியாகத் தெரிந்திருக்கிறது. 'மாகாளி.' முடிந்தது. பெரும்பான்மை. எழுந்து நன்றியுரை சொல்லலாம். கன்னத்தில் ஏதோ ஓடுகிறது, பல்செட்டுப் பக்கமாகத்தான் போகிறது. 'அண்ணே,' என்கிறார் முபாரக், ஸ்பானரைத் தொப்பிக்குள் நீட்டி, 'அடியில இன்னொண்ணு கெடக்குதுங்க. குட்டியா.'

எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, குழுவுக்கு நான் கொடுக்கிற நோட்டீஸை எத்தனை தடவை இப்படிப் பிரித்திருக்கிறார்கள். சென்னியப்பன் இருமினான். லில்லி பியானோவின் பேசாத கட்டையை உற்றுப் பார்த்தார். எடுத்தேன். ஒரு மடிப்பு பிரித்தேன். நாலு பேர் எனக்குப் போட்டிருக்கிறார்கள், மீதி ஒன்று நான், நான் எனக்கே போட்டவன். ஒரே ஒருவர் எதிராகப் போட்டிருக்கக் கூடாதா, என் வாழ்க்கையில் எதிர்ப்பு இல்லாமல் போன ஒரே நாள் இன்றுதானா வர வேண்டும். இரண்டாவது மடிப்பு. டெரிக் என்று வாசித்துவிடலாம். வாசித்தால் நான் பெருந்தன்மைக்காரன். சாட்சிகள் கேட்கத்தான் வந்தார்கள், சீட்டைக் காட்ட வேண்டும் என்று விதியில் இல்லை, அந்த ஓட்டையை விட்டவனும் நானே, செயலாளராக நான்தானே இருப்பேன் என்ற திமிர். மூன்றாவது மடிப்பு, தாள் மடியெல்லாம் பிரிந்து உள்ளங்கையில் நிமிர்ந்துகொண்டது. டெரிக். ஒரு சொல். என் தொண்டைமுடிச்சு ஏறியது. ஏறுவதை நான் உணர்ந்தேன், 1978இல் நாலடி தூரத்தில் பார்த்த அதே ஏற்றம், இப்போது உள்ளிருந்து. எழுத்தைப் பார்த்தேன். பெயரை மட்டும் எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன், கை அங்கேயும் தன்பாட்டுக்கு நடந்திருக்கிறது. பொன்னுரங்கம் குச்சியை முரசின்மேல் வைத்து உருட்டத் தொடங்கிவிட்டான், பட்டியல் வாசிப்பதற்கு முன்னால் உருட்டுகிற உருட்டல், படுபாவி, மந்திரிக்குக்கூட இப்படி உருட்டியிருக்க மாட்டான். டெரிக் சிரிப்பை வாயில் அடக்கிக்கொண்டு, 'வாசி மேன்,' என்றான், 'அது யாரு, எங்களுக்குத் தெரியவே தெரியாது.' சிரித்துவிட்டேன். பல்செட் நகர்ந்தது, நகரட்டும். எழுந்து நின்று, கோவில்பிள்ளையையும் முபாரக்கையும் மாறி மாறிப் பார்த்து, கேட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கிற குரலில் வாசித்தேன்:

'டோக்கன் நானூற்றுப் பன்னிரண்டு. க. மாகாளி.'